இடது பக்க ஒயர்

ஓர் ஒயருக்கு நன்றி சொல்ல உட்கார்ந்து எழுதுகிற ஆள் கள்ளக்குறிச்சியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒயர் என்றால் கரண்டு ஒயர் இல்லை. சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகிற, இரண்டு முனையிலும் வெள்ளையும் சிவப்புமாகப் பின் வைத்த ஒயர். வெள்ளை இடது ஸ்பீக்கருக்கு, சிவப்பு வலது ஸ்பீக்கருக்கு. முன்பெல்லாம் டிவிடி பிளேயர் வாங்கினால் டப்பாவுக்குள் சும்மா போட்டுத் தருவார்களே, அந்த ஜாதிதான். அது மட்டமாக இருக்கிறதென்று நான் போட்ட சண்டையில்தான், என் இடது காது கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது தெரியவந்தது.

காது எல்லோருக்கும் முக்கியம். எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பித்தளை அண்டாவோ வெண்கலப் பானையோ வாங்க வருகிறவர்கள் பார்ப்பதைவிடத் தட்டுவதுதான் அதிகம். விரலை மடக்கி ஒரு தட்டு. ஓசை நீளமாக இழுத்தால் வாங்குவார்கள். பாதியில் செத்தால் எங்கோ விரிசல் என்று கீழே வைத்துவிடுவார்கள். பகல் முழுக்க இந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன், கடையை அடைத்ததும் மாடிக்கு ஓடிப் பாட்டுக் கேட்பான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அப்படித்தான். சீட்டு கிடையாது, சிகரெட் கிடையாது, அரசியல் பேச்சுகூடக் கிடையாது. "இவருக்கு இருக்கற ஒரே கெட்ட பழக்கம் இந்த ஒயருங்கதான்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அந்தப் பழக்கத்துக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சங்கராபுரத்துக்கு அருகே ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வேலைக்காக மலையேறி அங்கேயே தங்கிவிட்டவர். ஒருநாள் கடைக்குக் குக்கர் வாங்க வந்தார். மாடியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "பாய், மேல இன்னா ஆம்ப் வச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். நான் கல்லாவை விட்டு எழுந்து அவரை மாடிக்கு அழைத்துப்போனேன். அன்றைக்கு அவர் குக்கர் வாங்காமலே மலைக்குத் திரும்பிவிட்டார். அவர் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். அவருக்கு நான் பாய், எனக்கு அவர் சார். வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் மரியாதையைக் குறைத்துக்கொள்ள இருவருக்கும் வாய் வரவில்லை.

ஒயருக்கு ஒயர் பாட்டு மாறுமா மாறாதா என்பதுதான் எங்கள் ஓயாத வழக்கு. மாறும் என்பது என் கட்சி. மின்சாரத்துக்கு இது செம்பு, இது நல்ல செம்பு என்றெல்லாம் தெரியாது என்பது அவர் கட்சி. ஆனால் வேடிக்கை என்னவென்றால் ஒயர் செய்கிறவர் அவர்தான். நல்ல மைக் ஒயராக வாங்கி, பின் வைத்து, ஈயம் பற்றவைத்து, மேலே கறுப்பு உறை போட்டு அழகாகச் செய்வார். "மாறாதுன்னு சொல்றீங்க, அப்பறம் எதுக்கு சார் செய்றீங்க?" என்றால், "கை சும்மா இருக்க மாட்டேங்குது பாய்" என்பார்.

வழக்கைத் தீர்க்க ஒரு முறை வைத்திருந்தோம். ஆம்ப்பும் பிளேயரும் இருக்கும் மேசைக்கு முன்னால் ஒரு பெட்ஷீட்டைக் கொடியில் தொங்கவிடுவோம். பின்னால் என் மனைவி. டப்பாவோடு வந்த இலவச ஒயர், சென்னையில் நான் வாங்கிய விலை உயர்ந்த ஒயர், சார் செய்த ஒயர் என்று அவளிடம் கொடுத்துவிடுவோம். அவள் மாற்றி மாட்டி "ஒன்னு" என்பாள், "ரெண்டு" என்பாள். எந்த எண் எந்த ஒயர் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நான் தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரன். "ரெண்டாவதுல தவில் நல்லா அழுத்தமா வருது. பாடறவங்களச் சுத்தி இடம் தெரியுது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஒருநாள் பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அன்று மதியம் முழுக்க அவள் ஒயரை மாற்றவே இல்லையாம். சும்மா கடகடவென்று ஆட்டிவிட்டு எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். "குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு வலிக்குதுங்க" என்றாள். சார் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தையும் இப்போது நன்றிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். என் காது சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று என் வீட்டில் ஒருத்திக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

போன கோடைத் தொடக்கத்தில், பள்ளிக்கூட லீவு விடுவதற்கு முன், சார் புதிதாக ஓர் ஒயர் செய்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். தடிமனாக, கனமாக இருந்தது. "இது இன்னாங்க, மாட்டக் கட்டறதுக்கா?" என்றாள் மனைவி. மாட்டினேன். முதல் நாள் அபாரமாக இருந்தது. அடுத்த நாள் காலையில் கேட்டபோது என்னவோ குறைந்தது.

என் மாடியில் இடது ஸ்பீக்கர் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும், வலது ஸ்பீக்கர் ஜன்னலோரம். சரியாக நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பாடுகிற அம்மாள் இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால் நின்று பாடுவது போலக் கேட்கும். அந்த மாயத்துக்காகத்தான் இவ்வளவு பாடுபடுவதும். அன்றைக்கு அவர் நடுவில் இல்லை. ஜன்னலோரம் நகர்ந்துவிட்டார். பீரோ பக்கம் வயலின்கள் போர்வைக்குள் வாசிப்பது போல இருந்தன. கூடவே மெல்லியதாக 'உய்' என்று ஒரு கீச்சொலி. ஒயர் கரண்டை இழுக்கிறது, அதுதான் இரைகிறது என்று நினைத்தேன். ஆம்ப்பை அணைத்தேன். கீச்சொலி நிற்கவில்லை. சரி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு மனிதன் தன் காதைத் தவிர ஊரிலிருக்கும் எல்லாவற்றையும் எப்படிச் சந்தேகப்படுவான் என்பதற்கு நானே சாட்சி.

கடையிலும் அந்த வாரம் கோளாறுதான். ஒருவர் பித்தளைக் குடத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு ஓசை செத்துக் கேட்டது. "அது வேணாம், வேற எடுங்க" என்றேன். வேறொன்றும் அப்படியே. அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். விற்க உட்கார்ந்திருக்கிறவனே தன் சரக்கை வேண்டாமென்று தள்ளினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

சாருக்குப் போன் போட்டேன்.

"சார், உங்க ஒயர் சரியில்ல. இடது பக்கம் செத்துக் கெடக்குது."

"இல்ல பாய், மீட்டர் வச்சிப் பாத்துட்டுதான் அனுப்பனேன்."

"மீட்டருக்குப் பாட்டு கேக்கத் தெரியுமா சார்?"

"ஞாயித்துக்கெழம வரேன்" என்று வைத்துவிட்டார். குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வயலின்களை நினைத்தால் கோபம் திரும்பவும் ஏறிக்கொண்டது.

ஞாயிறன்று மீட்டர், சால்டரிங் அயர்ன், பழைய ஒயர்கள் எல்லாவற்றோடும் வந்தார். முதலில் தன் ஒயரைக் கழற்றி இலவச ஒயரை மாட்டினார். இடது பக்கம் மந்தம்தான். சென்னை ஒயரை மாட்டினார். அதுவும் மந்தம். "பாத்தீங்களா, ஒயர் இல்ல" என்றார். ஒயர் இல்லையென்றால் பிளேயர். ஆம்ப் பக்கம் வெள்ளைப் பின்னை சிவப்பு இருக்கும் இடத்திலும் சிவப்பை வெள்ளை இடத்திலும் மாற்றிச் செருகினார். பிளேயரிலோ ஒயரிலோ கோளாறு இருந்தால் மந்தம் வலது பக்கம் போக வேண்டும். நகரவில்லை, பீரோ பக்கமே நின்றது. ஆம்ப்போ ஸ்பீக்கரோ என்று பார்க்க, ஸ்பீக்கர்களை அவற்றின் ஒயரோடே இடம் மாற்றி வைத்தோம். அப்போதும் பீரோ பக்கமே. "அப்ப பீரோதான் சார் சத்தத்த முழுங்குது" என்றேன். இருவரும் மூச்சுமுட்டப் பீரோவை நகர்த்தினோம். உள்ளே மனைவியின் பட்டுப்புடவைகளும் என் பழைய கேசட்டுகளும் இருந்தன, கனத்துக்குக் கேட்கவா வேண்டும். நகர்த்தியும் அப்படியே.

சார் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேக்குது பாய்."

"மொதல்ல உங்க காதக் கொண்டுபோயி டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்றேன்.

வாயிலிருந்து வந்த சொல் அதுதான். இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

மனைவி டீயோடு வந்தாள். பீரோ நடு அறையில் நிற்பதைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, நீங்க திரும்பி உக்காந்து கேளுங்க" என்றாள்.

"ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி எவனாவது பாட்டு கேப்பானா?"

"நான் சொல்றேன், உக்காருங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். சார் அதே பாட்டை வைத்தார். ஜன்னலோரம் பாடிக்கொண்டிருந்த அம்மாள் இப்போது பீரோ இருந்த பக்கத்தில் பாடினார். மந்தம் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கர் நகரவில்லை, ஒயர் நகரவில்லை, ஆம்ப் நகரவில்லை. நகர்ந்தது என் தலை மட்டும்தான்.

சார் பாட்டை நிறுத்தினார். "ரெண்டு மூணு நாளா சாப்புடறப்ப இந்தப் பக்கம் இருந்து பேசுனா இவருக்குக் கேக்கலண்ணே" என்று மனைவி அவரிடம் சொன்னாள். "கோவத்துல பேசாம இருக்கார்னு நெனச்சிக்கினு இருந்தேன்." அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தட்டிலிருந்த டீ மூன்றும் ஆறிப்போயின.

மறுநாள் காலை சார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டார். வேண்டாமென்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எங்களோடு அவரும் வந்தார். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது பக்கம் டக் டக்கென்று அழுத்தினேன். இடது பக்கத்துக்கு வந்ததும் காத்திருந்தேன், காத்திருந்தேன், கை சும்மாவே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே என் மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் கேட்டதில்லை. அவ்வளவு கொஞ்சமாகவும் கேட்டதில்லை.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"புது ஒயர் மாட்டுனதுல இருந்து" என்றேன்.

அவர் விழித்தார். சார்தான் குறுக்கே வந்து எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டுவிட்டு டாக்டர் சிரிக்கவில்லை. இது உள்காது நரம்பு சம்பந்தப்பட்டது, சிலருக்குக் காரணமே தெரியாமல் திடீரென்று வரும் என்றார். "நெறைய பேரு சளி, அழுக்குன்னு நெனச்சி சொட்டு மருந்து ஊத்திக்கிட்டு ஒரு மாசம் கழிச்சி வருவாங்க. அப்ப எங்களால பெருசா ஒன்னும் பண்ண முடியாது. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. இனிமே திரும்பி வரலாம், வராமலும் போகலாம். மருந்து கரெக்டா எடுங்க."

வரலாம், வராமலும் போகலாம். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காது இருந்தால் வியாபாரம் நடக்கும், சோறு கிடைக்கும், எல்லாம் தெரியும். ஆனால் அந்த அம்மாள் இனி எனக்கு நடுவில் நின்று பாட மாட்டார். அதை நினைத்து வெட்கமில்லாமல் அழுதேன். சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். அதைக் கவனித்தபோது இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்தன. சத்தம் கூடாது என்றார்கள். மனைவி பெட்ஷீட்டை எடுத்து ஆம்ப் மேல் போர்த்தினாள். கடையில் என்னை சொம்பு, டம்ளர் இருக்கும் பக்கம் விடாமல் கல்லாவிலேயே உட்காரவைத்தாள். பாதி நாள் அவளே வந்து வியாபாரம் பார்த்தாள். மாத்திரையால் தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது, கோபமும் ஏறியது. எல்லாக் கோபமும் அவள் மேல்தான். அவள் பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாத வீடு எனக்குப் பழக்கமே இல்லை. சார் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போன் செய்வார். "சபையில உங்களுக்காக ஜெபம் வச்சோம் பாய். பேரு சொல்லல, ஒரு பாத்திரக்கட பாய்னு சொன்னேன், எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சி" என்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிவில் வலது பக்கம் திரும்பி ஸலாம் சொல்லும்போது பக்கத்து ஆளின் குரல் கேட்கும். இடது பக்கம் திரும்பினால் உதடு அசைவது மட்டும் தெரியும். அந்த உதட்டைப் பார்த்து நானும் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாவது பரிசோதனையில், தாளில் இடது காதுக்கான கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னை உற்சாகப்படுத்தச் சொல்கிறார் என்றே நினைத்தேன். விஷயத்தைக் கேட்ட சார், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க. பாட்டு வேணாம், சும்மா வந்து உக்காருங்க" என்றார்.

வண்டியில் கிளம்பினோம். மனைவி பின்னால் ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கச்சிராயபாளையத்தில் டீ குடித்தோம். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் வெயில் குறைந்தது. காது கனக்கிறதென்று ஹெல்மெட்டைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டு மெதுவாகப் போனேன். பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவில் இரண்டு காதும் ஒன்றாக அடைத்துக்கொண்டன.

மலையேறினால் எல்லோருக்கும் காது அடைக்கும். எனக்கும் ஒவ்வொரு தடவையும் அடைத்திருக்கிறது. அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. போச்சு, இருந்ததும் போச்சு என்றுதான் தோன்றியது. வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன்.

"இன்னாங்க, இன்னா ஆச்சி?" என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

"காது அடச்சிக்கிச்சி. ஒன்னுமே கேக்கல."

வண்டியிலிருந்து இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு எச்சிலை விழுங்கினேன். வலது காது டப்பென்று திறந்தது. காற்று, மரம், எங்கோ ஒரு ஆட்டுக்குட்டி எல்லாம் கேட்டன. உயிர் வந்தது. இடது என்ன ஆனது என்று தெரிய வேண்டும். வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை விழுங்கினேன். இன்னொரு தடவை.

காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிற புருஷனுக்கு எதுவும் கேட்காது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். முதலில் ஒரு கரகரப்பு. என் இடது தோளுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில். பிறகு அது குரலானது. பிறகு வார்த்தையாகப் பிரிந்தது.

"யா அல்லா, இவருக்கு இந்தக் காத மட்டும் திருப்பிக் குடுத்துடு. எவ்ளோ ஒயர் வேணா வாங்கட்டும். நான் வாயே தெறக்க மாட்டேன்."

நான் கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"எவ்ளோ வேணாலும் வாங்கலாமா?" என்று கேட்டேன்.

முதுகில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. அப்புறம் அறைந்த இடத்திலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் அழுவதை, வலது காதைப் பொத்தியபடியே, நான் இடது காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.